உறுப்பும் எல்லைக்கல்லும்

3, 7, 11, 15, 19. இந்தக் கூட்டுத்தொடர்வரிசையில் ஐந்து உறுப்புகள் இருப்பது பார்த்தாலே தெரியும். 3-இல் தொடங்கி நான்கு நான்காகக் கூடி 399-இல் முடியும் வரிசை என்றால்? 399-இல் 3 போனால் 396. நான்கால் வகுத்தால் 99. அங்கேயே பேனாவை மூடிவிடும் மாணவர்கள் பலர். விடை 100. கடைசி உறுப்பில் முதல் உறுப்பைக் கழித்து, பொது வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டு என்கிறது பத்தாம் வகுப்புக் கணக்கு. அந்த ஒன்று ஏன் மறந்துபோகிறது? நாம் வைத்த பெயருக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

உறு என்னும் வினைக்குப் பொருந்துதல், சேர்தல் என்று பொருள். பொருந்தி நிற்பது உறுப்பு. முதலில் கையும் காலும் உறுப்பு. தொல்காப்பியத்தின் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. சங்கத்தில் சேர்ந்தவர் உறுப்பினர். கணக்கில் வரிசையின் ஒவ்வோர் எண்ணும் உறுப்பு. அழகான, பழகிய சொல். ஆனால் உறுப்பு என்றதும் மனத்தில் உடல்தான் வருகிறது. உடலில் ஓர் உறுப்பு முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்கிவிடுகிறது. நடுவே வெற்றிடம் இல்லை. இடைவெளியே தெரியாதவனுக்கு, இடைவெளியைவிட உறுப்பு ஒன்று கூடுதல் என்பது எப்படித் தெரியும்?

வடமொழிக் கணித நூல்கள் இதே பொருளை நடையாகப் பார்த்தன. முதல் எண்ணுக்கு ஆதி அல்லது முகம், கூடிக்கொண்டே போகும் அளவுக்குச் சயம் அல்லது உத்தரம், உறுப்புகளின் எண்ணிக்கைக்குக் கச்சம் அல்லது பதம். கச்சதி என்றால் செல்கிறான். பதம் என்றால் அடி. உறுப்புகளின் எண்ணிக்கைக்கு என்றே தனிப்பெயர் வைத்ததுதான் இங்கே பெரிய விஷயம். நாம் அதை இரண்டு சொல்லில், ‘உறுப்புகளின் எண்ணிக்கை’ என்று விரித்துச் சொல்கிறோம்.

499-இல் தமக்கு வயது 23 என்று குறித்துவைத்த ஆரியபட்டர், தம் நூலின் கணித பாதத்தில் இருபதாம் பாடலைக் கச்சம் என்ற சொல்லோடுதான் தொடங்குகிறார். அவருக்குக் கடைசி எண் தேவையில்லை, கூட்டுத்தொகை போதும். நம் ஐந்து உறுப்பு வரிசையின் கூட்டுத்தொகை 55. அதை எட்டாலும் பொது வித்தியாசம் நான்காலும் பெருக்கினால் 1760. முதல் உறுப்பின் இருமடங்கு 6. அதற்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம் 2. அதன் வர்க்கம் 4. இரண்டையும் கூட்டினால் 1764. வர்க்கமூலம் 42. அதில் 6-ஐக் கழித்தால் 36. நான்கால் வகுத்தால் 9. ஒன்றைக் கூட்டினால் 10. பாதி, 5. இந்த வழியிலும் கடைசிக்கு முன்பு அந்த ஒன்று வந்து நிற்பதைப் பாருங்கள். அதற்கு அவர் சொல்லும் பெயர் ரூபம்.

1150-இல் லீலாவதி எழுதிய பாஸ்கரர் எதிர்த்திசையில் போகிறார். பதத்தில் ஒன்றைக் குறை, சயத்தால் பெருக்கு, முகத்தைச் சேர். இறுதி எண் கிடைக்கும். முகம் நிற்கும் இடம். அங்கே போய்ச்சேர ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. அதனால்தான் ஒன்றைக் குறைக்கிறார்.

கிரேக்கர் வைத்த பெயர்தான் எனக்கு எல்லாவற்றிலும் தெளிவாகப் படுகிறது. அவர்கள் சொல் ஹோரோஸ்: எல்லை, எல்லைக்கல். ஏதென்ஸின் அகோரா சந்தைவெளியின் விளிம்பில் நட்ட கற்களிலும் அந்தச் சொல்லே வெட்டப்பட்டிருக்கிறது. விகித சமத்துக்குக் குறைந்தது மூன்று ஹோரோஸ் வேண்டும் என்று யூக்ளிட் ஐந்தாம் நூலில் வரையறுத்தார். மூன்று கல், நடுவே இரண்டு விகிதம். லத்தீன் இதை டெர்மினஸ் என்று பெயர்த்தது. ஆங்கிலத்தின் ‘டெர்ம்’ அதன் வழிவந்தது. ரோமில் டெர்மினஸ் எல்லைக்கல்லின் தெய்வமும்கூட.

அந்த ரோமிலேயே கல்லையும் இடைவெளியையும் குழப்பிவிட்டார்கள். ஜூலியஸ் சீசர் வகுத்த நாட்காட்டியில் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூட வேண்டும். தொடங்கும் ஆண்டையும் சேர்த்தே எண்ணும் பழக்கமுடைய குருமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூட்டினார்கள். 36 ஆண்டில் 9 நாள் சேர வேண்டிய இடத்தில் 12 நாள் சேர்ந்தது. அகஸ்டஸ் 12 ஆண்டுகள் மிகைநாளே வேண்டாம் என்று நிறுத்திச் சரிசெய்தார்.

நம் சோதிடரும் சேர்த்தே எண்ணுகிறார். மேஷத்துக்கு ஏழாம் வீடு துலாம், தாண்டுவது ஆறுதான். ஆனால் அவர் தவறுவதில்லை, ஏனென்றால் மேஷத்தில் விரலை வைத்து ‘ஒன்று’ என்று சொல்லித்தான் தொடங்குகிறார்.

உறுப்பு என்ற சொல்லை மாற்ற வேண்டியதில்லை. இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கரும்பலகையில் சூத்திரத்தை எழுதுமுன் மேசைமேல் ஐந்து கற்களை வரிசையாக வையுங்கள். பிள்ளைகளை முதலில் இடைவெளிகளை எண்ணச் சொல்லுங்கள், பிறகு கற்களை.