பழைய லாஜிக்கா, புதிய லாஜிக்கா?

இசையமைக்கும் மென்பொருளில் புதிய பதிப்பு வந்தால் உடனே மாறிவிட வேண்டுமா? லாஜிக்கின் வரலாற்றைப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்கத் தோன்றும்.

ஜெர்மனியின் எமாஜிக் நிறுவனம் உருவாக்கிய லாஜிக், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடியது. 2002 ஜூலையில் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. கூடவே ஓர் அறிவிப்பு: செப்டம்பர் 30-க்குப் பிறகு விண்டோஸுக்கு லாஜிக் கிடையாது!

விண்டோஸ்காரர்களுக்கு 5.5 வரிசையே கடைசி. புதியது வேண்டுமென்றால் கணினியையே மாற்ற வேண்டும். செலவு அதோடு முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய விஎஸ்டி செருகுநிரல்கள் 2004-ல் வந்த லாஜிக் புரோவில் ஓடாது. அது ஆடியோ யூனிட்ஸ் வகையைத்தான் ஏற்றது.

சிலர் பழைய 5.5-லேயே தங்கினார்கள். கையிலிருக்கும் மென்பொருள் ஒரே நாளில் நின்றுவிடாது அல்லவா? ஆனால் பிழைத் திருத்தம் வராது. ஒவ்வொரு புதிய விண்டோஸும் ஒரு கண்டம்தான். வேறு சிலர் கியூபேஸ், சோனார் என்று மாறினார்கள்.

மேக்குக்குப் போனவர்களும் தப்பவில்லை. 2013-ல் வந்த லாஜிக் புரோ எக்ஸ் 32-பிட் செருகுநிரல்களைக் கைவிட்டது. லாஜிக் 5-ல் சேமித்த பாடலைக்கூட அது திறக்கும். ஆனால் அந்தச் செருகுநிரல் எழுப்பிய ஒலி மட்டும் வராது!

ஆகவே பழையதா, புதியதா என்று முடிவெடுக்கும் முன், பாடலின் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம். வேவ் 1991-லிருந்து இருக்கிறது. எந்தப் பதிப்பு வந்தாலும் பாட்டு பிழைத்துக்கொள்ளும்.