இம்மாகுலேட்டா கல்லூரி, 1972: ஒரு கூடைப்பந்துப் பருவமும் அதன் கணக்கும்

நம் சங்க மலரில் நான் எழுதுவது வழக்கமாகக் கல்வெட்டு, பழைய ஏடு, வணிகக் குழுக்கள் என்றுதான் இருக்கும். இந்தத் தடவை கூடைப்பந்து. ‘நயினாருக்கு என்ன ஆச்சு?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. வடக்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களில் இப்போது பெண்பிள்ளைகள் பள்ளி அணி, கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி என்று ஆடுகிறார்கள். உள்ளூரில் ஆடும்வரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வெளியூர்ப் போட்டி என்று வந்ததும், ரயில் செலவு யார் தருவது, கூட யார் போவது, போன வருஷம் வாங்கிய ஷூ போதாதா என்று பேச்சு கணக்குக்கு வந்துவிடுகிறது. நான் பாத்திர வியாபாரி. கணக்குப் பேசுவதைத் தாழ்வாக நினைப்பவன் அல்லன். ஒரு விளையாட்டின் வரலாற்றை அதன் பேரேட்டிலிருந்தும் படிக்கலாம் என்பது என் கருத்து. அப்படிப் படித்ததில் என் மனத்தில் தங்கிய ஒரு பருவத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் உண்டாக்கியது இது. அந்தப் பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் நடப்பது அதுவே. ஆக, நம் ஊருக்கும் இந்த ஆட்டத்துக்கும் உறவு ஒரு நூற்றாண்டைத் தாண்டியது.

பெண்கள் ஆடத் தொடங்கியதும் உடனேதான். ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகிலுள்ள ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை 1892லேயே இதைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். ஆனால் ஆடுகளத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்தார். ஒருத்தி தன் பகுதியைத் தாண்டக் கூடாது, பந்தைப் பிடுங்கக் கூடாது. 1893ல் முதல் ஆட்டம் நடந்தபோது ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. பெண்ணுடம்பு தாங்காது என்ற அக்கால வைத்தியக் கருத்துக்கும், ‘பெண்கள் ஆடியே தீரவேண்டும்’ என்ற அவருடைய உறுதிக்கும் நடுவே அவர் செய்துகொண்ட சமரசம் என்றே இதைக் கொள்ளவேண்டும். சமரசம் நீண்டுவிட்டது. 1920களில் பெண் உடற்கல்வியாளர்களே கல்லூரிக்குக் கல்லூரி மோதும் போட்டிகளை எதிர்த்தார்கள். பல கல்லூரிப் பெண்களைக் கலந்து அணி பிரித்து ஆடவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்புவது வழக்கமாயிற்று. வெற்றி தோல்வி பெண்களுக்கு ஆகாது என்பது அவர்கள் எண்ணம். ஆணுக்கு ஐந்து பேர், பெண்ணுக்கு ஆறு பேர், அதிலும் பாதி ஆடுகளம் என்றெல்லாம் விதிகள் பல மாறி, ஐந்து பேர் முழு ஆடுகளத்திலும் ஓடி ஆடலாம் என்பது கல்லூரிப் பெண்களுக்கு உறுதியான விதியானது 1971ல்தான். எண்பது வருஷம் ஆயிற்று பாருங்கள், ஒரு கோட்டை அழிக்க.

அந்தக் கோடு அழிந்த முதல் பருவம்தான் 1971–72. பெண்களுக்கென்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஒன்றும் அப்போதுதான் செயலுக்கு வந்திருந்தது. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்பது அதன் சுருக்கப் பெயர். நிர்வாகம் பெண்கள் கையில். ஆண்களின் சங்கமான என்.சி.ஏ.ஏ. அப்போது பெண்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பிலடெல்பியாவுக்கு மேற்கே இம்மாகுலேட்டா என்றொரு சிறிய பெண்கள் கல்லூரி. சென்னையில் பக் பள்ளி தொடங்கிய அதே 1920ல் கத்தோலிக்கக் கன்னியர் நிறுவியது. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியரும் அவர்தம் மாணாக்கியரும் இடம்பெற்றிருப்பதைப் படித்தவர்களுக்கு, பெண் துறவியரே நடத்தும் கல்விச்சாலை என்பது புதிதாகத் தோன்றாது. இம்மாகுலேட்டாவின் விளையாட்டு அரங்கம் 1967ல் தீப்பிடித்து எரிந்துபோனது. பிறகு பயிற்சியெல்லாம் கன்னியர் மடத்துக் கட்டடத்தின் நிலவறைக் கூடத்தில். ஊரார் வந்து உட்கார்ந்து பார்க்கும்படியான சொந்த ஆடுகளம் கிடையாது. ஆட்டம் என்றால் பிறர் வீட்டுக்குப் போய் ஆடவேண்டும். உடுப்போ பாவாடை போன்ற கம்பளி அங்கி.

1970ல் கேத்தி ரஷ் என்ற 23 வயசுப் பெண் பயிற்சியாளராக வந்தார். ஒரு பருவத்துக்குச் சம்பளம் 450 டாலர். அன்றைக்கு டாலருக்கு 7 ரூபாய் 50 காசு வீதம் நம் பணத்தில் 3375 ரூபாய். மாதச் சம்பளம் அல்ல, பருவம் முழுமைக்கும்! கணவர் எட் ரஷ் ஆண்களின் தொழில்முறைக் கூடைப்பந்தில் நடுவர். ஆண்கள் ஆடும் உத்திகளைக் கேத்தி கூர்ந்து கவனித்து, தம் பெண்களுக்குக் கற்றுத் தந்தார். தோழிக்கு வழிவிடும்படி எதிராளியை மறித்து நிற்பது, முழு ஆடுகளத்திலும் எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிப்பது ஆகியவை அன்றைய பெண்கள் ஆட்டத்தில் அபூர்வம். ஆடவந்த பெண்களில் பலர் பிலடெல்பியாப் பகுதிக் கத்தோலிக்கப் பள்ளி அணிகளில் ஆடித் தேறியவர்கள். அந்தப் பள்ளிகள் பெண்கள் ஆட்டத்தை வெகுநாளாக ஆதரித்து வந்தன. அதிர்ஷ்டத்தால் நடந்தது என்று சிலர் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சரக்கு ஏற்கெனவே ஊரில் இருந்தது. அதை எடுத்து வைக்கக் கடைதான் இல்லாமல் இருந்தது.

அணியின் தூண் தெரசா ஷாங்க் என்னும் உயரமான பெண். இவர் இம்மாகுலேட்டாவுக்கு வந்ததே ஒரு விபத்தினால். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சேர இருந்தவர். அவர்கள் குடும்பத்து வீடு எரிந்துபோனதால் வீட்டோடு இருந்து படிக்கவேண்டி, பக்கத்தில் இருந்த இந்தக் கல்லூரியில் சேர்ந்தார். அரங்கம் எரிந்த கல்லூரிக்கு வீடு எரிந்த பெண் வந்து சேர்ந்தாள் என்று கதையாசிரியர் எழுதினால் நாம் நம்பமாட்டோம்.

1972 மார்ச். வட்டாரப் போட்டியின் இறுதியாட்டம்வரை ஒரு தோல்விகூட இல்லை. அங்கே எதிரி, சில மைல் தூரத்திலேயே இருக்கும் வெஸ்ட் செஸ்டர் கல்லூரி. அது கேத்தி ரஷ் படித்த கல்லூரி என்பதையும் கவனிக்கவேண்டும். சாதாரண எதிரி அல்ல. அதன் பயிற்சியாளர் கேரல் எக்மன்தான் 1969ல் 16 கல்லூரிகளை அழைத்து, பெண்களுக்கு முதல் தேசிய அழைப்புப் போட்டி நடத்தி, கோப்பையையும் வென்றவர். அன்று இம்மாகுலேட்டா 38, வெஸ்ட் செஸ்டர் 70. முப்பத்திரண்டு புள்ளி வித்தியாசம்! ஆனாலும் இரண்டாம் இடம் வந்ததால் தேசியப் போட்டிக்கு வாய்ப்புக் கிடைத்தது. தரவரிசை, 16 அணிகளில் 15வது.

வாய்ப்புக் கிடைத்தது, வழிச்செலவு கிடைக்கவில்லை. போட்டி இல்லினாய்ஸ் மாநிலத்தில், நார்மல் என்னும் ஊரில். பிலடெல்பியாவிலிருந்து விமானத்தில்தான் போகவேண்டும். அந்தப் பெண்கள் டூத் பிரஷ் விற்றார்கள். ஆமாம், பல் துலக்கும் பிரஷ்தான். விற்றுச் சேர்ந்த பணத்தையும் கல்லூரி தேற்றித் தந்ததையும் கூட்டிப் பார்த்தபோது எட்டு ஆட்டக்காரிகளுக்குத்தான் போதும் என்று தெரிந்தது. மற்றவர்கள் வீட்டில் நின்றுவிட்டார்கள். போனவர்களும், இடம் காலியிருந்தால் ஏற்றிக்கொள்ளும் மலிவு டிக்கெட்டில் போனார்கள். எட்டுப் பேரை எப்படித் தேர்ந்தார்கள், நின்றுபோன பெண்கள் அந்த வாரம் எப்படி இருந்தார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. கோப்பைப் படத்தில் அவர்கள் இல்லை. அந்தப் பருவத்தின் கணக்கில் மிகப் பெரிய செலவு அதுதான் என்பேன்.

எட்டுப் பேரும் நாலு ஆட்டம் ஆடினார்கள். நாலிலும் வெற்றி. அரையிறுதியில் மிசிசிப்பி மாநில மகளிர் கல்லூரியை 46–43 என்று மூன்றே புள்ளியில் தாண்டினார்கள். மார்ச் 19 அன்று இறுதியாட்டம். எதிரே நின்றது யார்? அதே வெஸ்ட் செஸ்டர். கொஞ்ச நாளுக்கு முன் முப்பத்திரண்டு புள்ளியில் நசுக்கிய அணி. இம்மாகுலேட்டா 52, வெஸ்ட் செஸ்டர் 48. முதல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. தேசிய வாகை, அரங்கமில்லாத கல்லூரிக்குப் போனது. அந்தப் பருவம் முழுவதும் 24 வெற்றி, ஒரே தோல்வி.

அடுத்த இரண்டு வருஷமும், 1973லும் 1974லும், அவர்களே வாகை சூடினர். 1973ல் தோல்வியே இல்லை. இந்தக் கட்டத்தில் என் தொழில் சம்பந்தமான ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ரெனே மூத் என்ற ஆட்டக்காரியின் தகப்பனார் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். ஆட்டம் பார்க்க வரும் கன்னியருக்கு அவர் தகர வாளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அங்கி அணிந்த கன்னியர் வரிசையாக உட்கார்ந்து, குச்சியால் வாளியைத் தட்டி உற்சாகப்படுத்துவார்களாம். முப்பத்தைந்து வருஷமாக இத்வாரிக் கடையில் வாளி விற்கிறேன். இப்படி ஓர் உபயோகம் எனக்குத் தோன்றியதில்லை. 1975 ஜனவரியில் இம்மாகுலேட்டாவும் மேரிலாந்தும் ஆடியதுதான் அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதல் பெண்கள் கல்லூரி ஆட்டம். அடுத்த மாதம் நியூயார்க்கின் புகழ்பெற்ற மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் குவீன்ஸ் கல்லூரியோடு ஆடியபோது, பெண்கள் ஆட்டம் பார்க்க ஏறத்தாழ 12,000 பேர் வந்திருந்தார்கள்.

இனி வருவது கசப்பும் இனிப்பும் கலந்த பகுதி. முதல் வாகை சூடி மூன்று மாதம் கழித்து, 1972 ஜூன் 23 அன்று, கல்விச் சட்டத் திருத்தம் ஒன்றில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். ‘ஒன்பதாம் தலைப்பு’ என்று பேர்பெற்றது அதன் ஒரு பகுதி. அதன் மூலவாசகம் ஆங்கிலத்தில் 37 சொற்கள்தாம். அரசுப் பணம் பெறும் கல்வித் திட்டத்தில் பால் வேறுபாடு பார்த்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் விளையாட்டைப் போல் அது வேறெதையும் மாற்றவில்லை எனலாம். ஆட்டத்துக்காக உதவித்தொகை வாங்கும் மாணவிகள் தன் போட்டிகளில் கலந்துகொள்ளக் கூடாது என்று ஏ.ஐ.ஏ.டபிள்யூ. வைத்திருந்த விதியும், புளோரிடாவில் டென்னிஸ் மாணவிகள் தரப்பில் வழக்குப் போட்டபின் 1973ல் தளர்ந்தது. படிப்புச் செலவு முழுவதையும் ஏற்கிறோம் என்று பெரிய பல்கலைக்கழகங்கள் திறமையுள்ள பெண்களைத் தேடிப் போகத் தொடங்கின. டூத் பிரஷ் விற்ற கல்லூரி அந்த ஏலத்தில் எப்படி நிற்கும்?

உடனே விழவில்லை. 1975லும் 1976லும் இறுதியாட்டம்வரை போய், மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் கல்லூரியிடம் தோற்றது. தோற்றதும் நல்ல இடத்தில்தான். டெல்டா ஸ்டேட்டின் பயிற்சியாளர் மார்கரெட் வேட், 1930களின் தொடக்கத்தில் அதே கல்லூரியில் ஆடியவர். இந்த ஆட்டம் பெண்களுக்கு மிகக் கடினம் என்று சொல்லிக் கல்லூரி அணியைக் கலைத்தபோது, அவரும் தோழியரும் உடுப்புகளைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1973ல் அணியை மறுபடி தொடங்கியபோது அவரையே பயிற்சியாளராகக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் அப்போது அறுபதை எட்டியவர். கேத்தி ரஷ் 1977ல் விலகினார். ஏழு பருவம், 149 வெற்றி, 15 தோல்வி. அதன்பின் இம்மாகுலேட்டா தேசிய வாகையின் பக்கம் வரவில்லை. 2005ல் அது ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. ஆட்டத்துக்கென்று உதவித்தொகை தராத மூன்றாம் பிரிவில் இருக்கிறது.

சட்டம் நல்லதா கெட்டதா என்று கேட்டால், நல்லது என்றே சொல்வேன், தயக்கமில்லாமல். 2024ல் பெண்கள் கல்லூரி இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். அந்த வருஷத்து ஆண்கள் இறுதியாட்டத்தைவிட அதிகம். வழிச்செலவு இல்லாமல் வீட்டில் நின்ற அந்தப் பெண்களைப் போல் யாரும் இனி நிற்க வேண்டாம் என்பது சிறிய விஷயமா? ஆனால் பேரேட்டில் வரவு இருக்கும் பக்கத்துக்கு எதிரே பற்றும் இருக்கிறது. 1972ல் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். பணமும் மதிப்பும் வந்தபின் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சம்பளம் 450 டாலராக இருந்தவரை அந்த வேலைக்கு ஆண்கள் போட்டி போடவில்லை.

ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் முடிவும் இப்படித்தான். பெண்கள் ஆட்டத்தில் வருமானம் உண்டு என்று தெரிந்ததும் என்.சி.ஏ.ஏ. தானும் பெண்களுக்குப் போட்டி நடத்தத் தொடங்கியது. 1982ல் இரண்டு சங்கங்களும் தனித்தனியே தேசியப் போட்டி நடத்தின. பெரிய அணிகளில் பெரும்பாலானவை என்.சி.ஏ.ஏ. பக்கம் போய்விட்டன. ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வுக்கு அதுவே கடைசிப் போட்டி. இறுதியாட்டம் பிலடெல்பியாவின் பழைய பலஸ்ட்ரா அரங்கில். ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் டெக்சாஸை வென்றது. ரட்கர்ஸ் அணியின் பயிற்சியாளர் தெரசா கிரெண்ட்ஸ்; கல்யாணத்துக்கு முன் தெரசா ஷாங்க்.