எரிமீன் மழையும் சென்னைக்கு வந்த தந்தியும்



எரிமீன் விழுவதைப் பார்த்தால் படித்ததெல்லாம் மறந்து போகும். உடனே பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் ஜொகூர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்டவர்கள் எத்தனை எரிமீன்களைப் பார்த்திருப்பார்கள்! பச்சை மரத்துக்கா அங்கே பஞ்சம்? ஆனாலும் எழுதி வைக்காததால் அவை மறந்துதான் போயின. மறதிக்கு மருந்து பதிவுதான். இதற்குச் சென்னையிலே ஒரு கதை உண்டு, கேளுங்கள்.

பீலா என்றொரு வால்மீன் ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வந்தது. 1846-இல் அது இரண்டாக உடைந்தது. 1852-க்குப் பிறகு ஆளையே காணோம்! 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பிய வானில் எரிமீன்கள் ஆயிரக்கணக்கில் பொழிந்தன. உடைந்த வால்மீனின் தூசுக்குள் நம் பூமி புகுந்ததே காரணம். வால்மீன் இனித் தென்வானில் தெரியும் என்று எண்ணிய ஜெர்மானிய அறிஞர் கிளிங்கர்ஃபூஸ், மதராஸ் வானாய்வுக்கூடத்தின் தலைவர் நார்மன் போக்சனுக்குத் தந்தி அடித்தார். அந்தக் கூடத்தில்தான், 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த நம்மவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் பணிபுரிந்தார்.

டிசம்பர் 2, 3 ஆகிய நாள்களில் போக்சன் ஒரு வால்மீனைக் கண்டார். பிறகு மேகம் மூடிவிட்டது. பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று அளவுகள் வேண்டும், கிடைத்தவையோ இரண்டு. அது பீலா அல்ல என்று பின்னாளில் அறிஞர்கள் கூறினர். அப்படியானால் அது எது? இன்றுவரை விடையில்லை. ஓர் இரவு குறைந்ததால் வந்த வினை பார்த்தீர்களா?

1885 நவம்பர் 27. அதே எரிமீன் மழை மீண்டும் பொழிந்தது. இம்முறை பிராக் நகரில் லாடிஸ்லாஸ் வைனெக் என்பவர் ஓர் எரிமீனின் கோட்டைக் கண்ணாடித் தகட்டில் பதித்துவிட்டார். எரிமீனின் முதல் புகைப்படம் அதுவே! பின்னர், ஒரே எரிமீனை இரண்டு இடங்களிலிருந்து படமெடுத்து, அது சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிகிறது என்று கணக்கிட்டார்கள். அந்தப் பழைய மழை இன்று மிகவும் மெலிந்துவிட்டது. பதிவு மட்டும் நிற்கிறது.

நம்மாலும் முடியுமா? ஏன் முடியாது! ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 இரவுகளில் மிதுன எரிமீன்கள் பொழியும். ஜொகூர் பாருவின் விளக்கொளியை விட்டு விலகி, பெரியவர் துணையோடு இருட்டான இடத்துக்குப் போங்கள். கேமராவை முக்காலியில் பொருத்தி, கிழக்கு வானை நோக்கி, ஒவ்வொரு படத்துக்கும் 20 வினாடி திறந்து வையுங்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். அது பருவமழைக் காலம், மேகம் மூடலாம். போக்சனுக்கும் மூடியதுதானே! மறுநாளும் போங்கள். அந்த மூன்றாவது அளவு உங்கள் கையில் இருக்கட்டும்.