தெளிபவர் யார்? குருத்துவ அழைத்தலும் 1912ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘தேவ அழைத்தல்’ என்று சொல்லி வந்ததை இன்று ‘இறையழைத்தல்’ என்கிறோம். முன்சொல் மாறியது, வினை மாறவில்லை. அழைத்தல் என்றால் அழைப்பவர் ஒருவர் வேண்டும். ஆனால் குருமடத்தில் சேர விரும்பும் இளைஞனிடம் நாம் முதலில் கேட்பது, அவன் உள்ளத்தில் ஈர்ப்பு இருக்கிறதா என்றுதான். ஈர்ப்பையும் அழைப்பையும் ஒன்றாக்கிவிடும் இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் இதுவே பெரும் சர்ச்சையாகி உரோமை வரை சென்றது. அங்கே கிடைத்த விடையை நம் மறைமாவட்டங்களும் குடும்பங்களும் இன்னும் முழுமையாக உள்வாங்கவில்லை என்பது என் கருத்து.

சுல்பீசிய குரு லூயி பிரான்ஷரோ 1896இல் குருத்துவ அழைத்தலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கடவுள் யாரைத் தேர்ந்துள்ளாரோ அவருடைய உள்ளத்தில் குருத்துவத்தின்மீது ஒரு நாட்டத்தை விதைக்கிறார். அந்த நாட்டமே அழைத்தலின் தலையாய அடையாளம் என்பது அவர் நிலைப்பாடு. அன்றைய பிரெஞ்சுக் குருமடங்களில் வேரூன்றியிருந்த எண்ணமும் அதுவே. ஏர் மறைமாவட்டக் குருமடப் பேராசிரியர் ஜோசப் லஹித்தோன் 1909இல் இதை மறுத்து எழுதினார். திருச்சபையின் முறையான பணியாளர்களால் அழைக்கப்படுவோரே கடவுளால் அழைக்கப்படுவோர் என்று 1566இல் வெளிவந்த உரோமை மறைக்கல்வி நூல் கூறுவதை அவர் தமக்கு அரணாகக் கொண்டார். அழைத்தல் என்பது ஆயரின் அழைப்பு. அதற்கு முன் இளைஞனிடம் இருப்பது தகுதி மட்டுமே என்றார்.

பலத்த எதிர்ப்பு எழுந்தது. திருத்தந்தை பத்தாம் பயஸ் கர்தினால்மார் குழு ஒன்றை நியமித்தார். அதன் தீர்ப்பை 1912 ஜூன் 26 அன்று அவர் உறுதிசெய்தார். தீர்ப்பின் சாரம் இது: ஆயர் தம் உரிமையோடு தேர்ந்துகொள்ளும் முன், குருப்பட்டத்துக்கு உரிமை கோர யாராலும் இயலாது. உள்ளீர்ப்பு என்பது அழைத்தலுக்குப் பொதுவாகக் கட்டாயமானதன்று. நேரிய நோக்கமும், இயல்பாலும் அருளாலும் அமைந்த தகுதியும், நல்லொழுக்கமும், போதிய கல்வியும் இருந்தால் போதும். பதினொன்றாம் பயஸ் 1935இல் குருத்துவம் பற்றி எழுதிய சுற்றுமடலும் இதே வழியில்தான் செல்கிறது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1029ஆம் சட்டம் குருப்பட்டத்துக்கு வேண்டியவற்றை எண்ணிச் சொல்கிறது. நம்பிக்கை, நேரிய நோக்கம், அறிவு, நற்பெயர், ஒழுக்கம், உடல்நலம், மனநலம் எல்லாம் அதில் உண்டு, ஈர்ப்பு இல்லை.

இது புதுக்கொள்கை என்று சொல்வோர் பழைய திருச்சபையை நினைத்துப் பார்க்க வேண்டும். 374இல் மிலான் மக்கள் அம்புரோசியாரை ஆயராகக் கேட்டபோது அவர் திருமுழுக்குக்கூடப் பெறாதவர், தப்பிக்கப் பார்த்தார். 391இல் ஹிப்போ நகரில் அகுஸ்தினாரை மக்கள் பிடித்து ஆயர் வலேரியுசின் முன் நிறுத்தினார்கள். அவர் அழுதுகொண்டே குருவானார். உள்ளீர்ப்பை அளவுகோலாகக் கொண்டிருந்தால் இருவரும் தள்ளுபடியாகியிருப்பார்கள்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தகுதியும் ஆயரின் விருப்பமும் போதும் என்றால் குருத்துவம் ஒரு பணி நியமனமாகிவிடாதா? இளைஞனின் உள்ளத்தில் ஆவியார் செய்வது என்ன? லஹித்தோன் தம் வாதத்தின் வேகத்தில் இந்தப் பக்கத்தைச் சற்றே மெலியவிட்டார் என்றே நினைக்கிறேன். அந்தக் குறையை ஈடு செய்யக்கூடியவர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். தம் ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் தெரிவு செய்வதற்கு மூன்று வேளைகளை அவர் காட்டுகிறார். ஐயத்துக்கே இடமின்றி உள்ளம் இழுக்கப்படும் வேளை ஒன்று. ஆறுதலும் வறட்சியும் மாறிமாறி வந்து தெளிவு தரும் வேளை இன்னொன்று. மூன்றாவது, எந்த அலையும் அடிக்காத அமைதியான வேளை. அப்போது சாதக பாதகங்களை அறிவால் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வாய் என்றும், மரணப் படுக்கையில் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவாய் என்றும் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார். ஈர்ப்பே இல்லாத வேளையிலும் கடவுளின் விருப்பத்தைக் கண்டறியலாம் என்பது இதிலிருந்து பெறப்படும். ஆகவே உள்ளீர்ப்பு ஒரு சான்று, நல்ல சான்று. தீர்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

கடவுளின் விருப்பத்தைக் கண்டறிவதற்கு நாம் வழங்கும் தமிழ்ச் சொல்லே இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. ‘தேர்ந்து தெளிதல்’ என்கிறோம். திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’. அங்கே தெளிபவன் வினைக்கு ஆள் தேடும் அரசன். தேடப்படுபவன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கிலும் சோதிக்கப்படுகிறான். தன்னைத் தானே தெளிந்துகொள்ளும் தனிமனித முயற்சியாக இச்சொல்லை நாம் சுருக்கியது பிற்கால வழக்கம். குருப்பட்டச் சடங்கிலும் பழைய பொருளே நிற்கிறது. பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் முன்வருகிறார். இவர் தகுதியானவரா என்று ஆயர் கேட்கிறார். இறைமக்களிடம் விசாரித்ததாகப் பொறுப்பாளர் பதில் சொன்ன பிறகே ‘தேர்ந்துகொள்கிறோம்’ என்ற சொல் ஆயர் வாயிலிருந்து வருகிறது. திருமண ஓலை வாசிப்பது போலக் குருமாணவரைப் பற்றியும் கோயிலில் அறிவிக்க 1051ஆம் சட்டம் இடம் தருவதும் இதனால்தான்.

ஆயினும் மக்களும் ஆயரும் தெளிந்தால் மட்டும் போதாது. குருப்பட்டம் பெற ஒருவரைக் கட்டாயப்படுத்துவதை 1026ஆம் சட்டம் தடுக்கிறது. முழு மனத்தோடு இதை ஏற்பதாக அவரே தம் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்கிறது 1036ஆம் சட்டம். பிள்ளைப்பேறு வேண்டி நேர்ந்துகொண்ட தாயின் நேர்த்தியோ, வீட்டில் ஒரு சாமியார் வேண்டுமென்ற ஆசையோ அந்தக் கையெழுத்துக்கு ஈடாகாது. அகுஸ்தினாரின் கண்ணீரை முன்னுதாரணமாகக் காட்டி ஒரு மகனை வற்புறுத்தும் உரிமை நமக்கு இல்லை.

ஈர்ப்பும் அழைப்பும் எதிரெதிரே இழுக்கும்போது என்ன ஆகும் என்பதை ஜான் மரிய வியான்னியிடம் காணலாம். இலத்தீன் புரியாததால் லியோன் குருமடத்திலிருந்து அனுப்பப்பட்டவர் அவர். எக்குல்லி பங்குத்தந்தை பாலே பிரெஞ்சு மொழியிலேயே பாடம் சொல்லித்தந்து, அவருக்காக மன்றாடி, 1815 ஆகஸ்டு 13 அன்று கிரெனோபிளில் குருவாகச் செய்தார். 1818இல் ஆர்ஸ் என்னும் சிற்றூர் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவர் மனம் நாடியது தனிமையை; துறவியாய் ஒதுங்கி அழுது செபிக்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஏக்கம். ஒருமுறைக்கு மேல் ஊரைவிட்டுக் கிளம்பினார். 1853இல் இரவோடு இரவாகப் புறப்பட்டபோது செய்தி பரவி ஊரார் வழிமறித்தார்கள். வியான்னி கோயிலுக்குத் திரும்பி வந்து, காத்திருந்தவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தார்.