காஞ்சியில் ஓடிய இரண்டு கதைகளும் நக்கீரன் வழக்கும்

2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலின் மேலாளர் சங்கரராமன், கோவிலுக்குள் இருந்த தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நவம்பர் 11 இரவு சங்கர மடத்தின் ஜெயேந்திரர் ஆந்திராவின் மகபூப்நகரில் கைதானார். அதற்கப்புறம் காஞ்சிபுரத்தில் தறி வீடு, டீக்கடை, கோவில் வாசல் எங்கே போனாலும் ரெண்டு கதைதான். ஒன்று, எல்லாமே மடத்தின் சதி. இன்னொன்று, கைதுதான் சதி, அன்றைய ஆட்சியின் பழிவாங்கல். ரெண்டையும் சொன்னவர்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே சொன்னார்கள்.

இந்த வழக்கின் வேரிலேயே அவதூறு என்ற விஷயம் இருக்கிறது. மடத்தில் முறைகேடு என்று சங்கரராமன் புனைபெயரில் கடிதங்கள் எழுதினார், கொலைக்குக் காரணம் அதுதான் என்பது அரசுத் தரப்பு வாதம். சரி, பொதுவாழ்வில் இருப்பவர்களைப் பற்றி எதை, எவ்வளவு தூரம் எழுதலாம்? சட்டம் இதற்குப் பத்து வருடம் முன்பே ஒரு பதில் சொல்லியிருந்தது. அதுவும் இதே பழைய மாவட்டத்திலிருந்து கிளம்பிய வழக்கில்.

காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் 1991-இல் ஆறு கொலைகளுக்காக ஆட்டோ சங்கருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அவர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை வெளியிடப்போவதாக 1994-இல் நக்கீரன் அறிவித்தது. காவல்துறை அதிகாரிகளுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அதில் வெளிவரும் என்பதுதான் பரபரப்பு. சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது: அது அவர் எழுதியதே இல்லை, வெளியிட்டால் நடவடிக்கை. நக்கீரன் ஆசிரியர் உச்ச நீதிமன்றம் போனார்.

1994 அக்டோபர் 7 தீர்ப்பில் நீதிபதி ஜீவன் ரெட்டி சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். ஒருவரின் சொந்த வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. ஆனால் நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை எழுதலாம். அதிகாரியின் அலுவல் பற்றி எழுதியது தவறாகவே இருந்தாலும், நியாயமான அளவுக்கு விசாரித்துவிட்டு எழுதியிருந்தால் அவர் நஷ்டஈடு கேட்க முடியாது. உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதியிருந்தால் கேட்கலாம். அரசாங்கம் என்ற அமைப்போ, மானநஷ்ட வழக்கே போட முடியாது. வெளிவரும் முன்பே தடுக்கவும் முடியாது. இதில் பாதி, 1964-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு ஆதரவாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த சல்லிவன் தீர்ப்பின் வழி வந்தது.

ஆனா ஒரு கதவு திறந்தே கிடந்தது. குற்றவியல் அவதூறுப் பிரிவுகளான 499, 500 பற்றி இப்போது ஆராயவில்லை என்று அந்தத் தீர்ப்பே சொல்லிவிட்டது. முதல்வர், அமைச்சர் சார்பில் அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் தர சட்டத்தில் வழி உண்டு. ஜெயலலிதா ஆட்சியில் ஐந்து ஆண்டுகளில் அப்படி 213 வழக்குகள் போடப்பட்டதாக 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் கணக்கு வந்தது. விமர்சனத்தைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று நீதிபதிகள் கடிந்துகொண்டார்கள். ஆனால் அதே ஆண்டு மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுகள் செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவு.

காஞ்சிபுரத்துக்கே திரும்புவோம். விசாரணையை உச்ச நீதிமன்றம் புதுச்சேரிக்கு மாற்றியது. 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சி ஆனார்கள். 2013 நவம்பர் 27 அன்று 23 பேரும் விடுதலை. கொன்றது யார் என்ற கேள்விக்கு நீதிமன்றத்திலிருந்து பதில் கிடைக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் ரெண்டு கதையும் இன்னும் உயிரோடு இருக்கு. சாட்சிகள் பிறழ்ந்ததை எழுதலாம், தீர்ப்பை விமர்சிக்கலாம். விடுதலையானவரைக் கொலைகாரர் என்று எழுதினால் அது அவதூறு. ஜெயேந்திரர் 2018-இல் மறைந்துவிட்டாரே என்று கேட்கலாம். நெருங்கியவர்கள் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால், இறந்தவர் பெயரைக் கெடுப்பதும் அவதூறுதான் என்கிறது சட்டம்.

சங்கரராமன் குடும்பத்துக்குப் பதில் கிடைக்காதது பெரிய அநியாயம். அதைச் சொல்ல ஆவணங்களே போதும். டீக்கடைக் கதையை அதோடு சேர்த்தால், அந்த ஆவணங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.