ஏடா மொழியின் பணிகளும் ஒரு வழுநீக்கியின் வரலாறும்

கணனியியலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பொறிகளைப் பற்றியும் மொழிகளைப் பற்றியுமே எழுதிச் சென்றுள்ளனர். எழுதிய நிரல் எவ்விடத்துப் பிழைபடுகின்றது என்பதைக் கண்டறிய உதவும் வழுநீக்கி அவ்வரலாற்றில் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. (வழுநீக்கி என்ற பெயரும் சற்று மிகையானதே. அது வழுவைக் காட்டுமேயன்றி நீக்குவதில்லை.) ஆயினும், ஒரு மொழிக்கே உரிய கருத்துகளை அதன் வழுநீக்கி அறியாதவிடத்து, அம்மொழியில் எழுதுவோர் இடர் வரும் வேளையில் அம்மொழியைக் கைவிட்டுப் பொறியின் மொழியிலேயே சிந்திக்க நேர்கின்றது. ஏடா மொழியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1970களில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் தேவைகளுக்கென நூற்றுக்கணக்கான நிரல் மொழிகளைக் கையாண்டு அல்லலுற்றது. அவற்றின் இடத்தில் ஒரே மொழியை நிறுவும் நோக்குடன் 1975இல் ஒரு செயற்குழு அமைக்கப்பட்டது. போட்டியிட்ட வரைவுகளுள் ஷான் இக்பியாவின் தலைமையில் பிரான்சில் உருவான வரைவு 1979இல் தெரிவாயிற்று. ஏடா லவ்லேசின் பெயர் அம்மொழிக்குச் சூட்டப்பட்டது. நம் செவிக்கு அது எவரையோ அதட்டி விளிப்பது போல் ஒலிப்பினும், அவர் பிறந்த 1815ஆம் ஆண்டையே தர ஆவணத்தின் எண்ணாக்கும் அளவுக்கு அப்பெயர் மதிக்கப்பட்டது. 1983இல் மொழி அமெரிக்கத் தேசியத் தரமாக வெளிவந்தது.

பல வேலைகள் ஒருங்கே நிகழ்வதை மொழியின் இலக்கணத்துள்ளேயே அமைத்தமை ஏடாவின் தனிச்சிறப்பாகும். ஒருங்கியங்கும் ஒவ்வொரு கூறும் ‘பணி’ எனப்பட்டது. ஒரு பணி மற்றொன்றன் வாயிலில் நின்று அழைக்க, அது அவ்வழைப்பை ஏற்கும்வரை அழைத்த பணி காத்திருக்கும். இருவரும் கூடுமிடத்தைச் ‘சந்திப்பு’ என்றனர். 1978இல் ஹோர், பிரிஞ்ச் ஹான்சன் ஆகியோர் தனித்தனியே வெளியிட்ட கருத்துகளின் சாயலை இதிற் காணலாம்.

இனி வழுநீக்கியை நோக்குவோம். க்னூ திட்டத்தின் ஒரு பகுதியாக றிச்சாட் ஸ்ரோல்மன் 1986இல் ஜிடிபி என்னும் வழுநீக்கியை எழுதினார். அதன் மூலநிரல் எவரும் படித்துத் திருத்தத்தக்கதாய்த் திறந்திருந்தது. எனினும் அது சி மொழியின் சூழலிற் பிறந்தது. பணி, சந்திப்பு என்பன அதற்கு அந்நியமானவை. மறுபுறத்தில், 1992இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ரொபேட் டிவார், எட்மண்ட் ஷோன்பேர்க் முதலியோர் ஏடாவுக்கென க்னாட் என்ற திறந்த மூலத் தொகுப்பியை ஆக்கத் தொடங்கினர்.

இவ்விரண்டும் சந்தித்தவிடத்திலேயே சிக்கல் எழுந்தது. பொதுவாக க்னாட் ஒவ்வொரு பணியையும் இயங்குதளத்தின் ஓர் ‘இழை’யாக மாற்றிவிடுகின்றது. இரு பணிகள் ஒன்றையொன்று அழைத்து, இரண்டும் ஏற்பாரின்றி நின்றுவிட்டன என்று கொள்வோம். ஏடாவை அறியாத வழுநீக்கி இரண்டு இழைகள் உறங்குகின்றன என்று மட்டுமே கூறும். அவை எதற்காக உறங்குகின்றன, எது எதனை எதிர்நோக்கியுள்ளது என்பதை அது கூறாது. நிரலாசிரியர் தேடுவதோ அதனையே.

ஏடாவின் பெயர்களையும் தரவு வகைகளையும் ஜிடிபிக்குக் கற்பித்த பணியில் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துப் போல் ஹில்ஃபிங்கரின் பங்கு பெரிது. அக்காலத்து வழுநீக்கற் குறிப்புகளின் வடிவங்களில் ஏடாவின் வகைகளுக்கு இடமில்லாமையால், க்னாட் ஆசிரியர்கள் அத்தகவலைப் பெயர்களுக்குள்ளேயே பொதிந்து வைத்தனர். பொதிக்குள் அமைந்த நடைமுறையின் பெயரில் புள்ளி இருந்தவிடத்து இரண்டு அடிக்கோடுகள் வரும். வழுநீக்கி அப்பெயரைப் பிரித்துப் பழைய உருவுக்கு மீட்கும். அழகான முறையென்று இதனைக் கூறவியலாது. ஆனால் வேறு வழி இருக்கவில்லை.

பணிகளைக் காட்டுவதற்கோ பெயர்கள் போதா. க்னாட்டின் இயக்கநேர நூலகம் உயிருடனுள்ள பணிகளின் பட்டியலொன்றை நினைவகத்தில் வைத்திருக்கின்றது. அதில் ஆயிரம் இடங்கள் உள்ளன. ஒவ்வோர் இடமும் ஒரு பணியின் கட்டுப்பாட்டுப் பதிவேட்டைச் சுட்டும். ஜிடிபி அப்பட்டியலை அதன் பெயரால் தேடிக் கண்டு, பதிவேடுகளைப் படித்து, பணியின் எண், அதனைத் தோற்றுவித்த பணி, முன்னுரிமை, நிலை, பெயர் என்பவற்றை வரிசைப்படுத்துகின்றது. இன்ன எண்ணுடைய பணியுடன் சந்திப்புக்காகக் காத்திருக்கின்றது என்ற செய்தியும் ஆங்கு வெளிப்படும். உறங்கிய இழைகள் மீண்டும் ஏடாவின் பணிகளாகின்றன.

இது நூலகத்தின் அகவமைப்பை வழுநீக்கி அறிந்திருப்பதால் மட்டுமே இயல்வது. நூலகத்தார் பட்டியலின் பெயரை மாற்றினாலும், அதனை வழுநீக்கற் குறிப்புகளின்றித் தொகுத்தாலும் காட்சி மறைந்துவிடும். இரு திட்டங்களும் ஒன்றன் மூலத்தை மற்றொன்று படிக்கத் திறந்திருந்தமையே இவ்வுடன்பாட்டைச் சாத்தியமாக்கியது என்பது எம் கருத்து. க்னாட்டைப் பேணிய நிறுவனத்தார் தம் பதிப்பில் முன்னரே கொண்டிருந்த இவ்வசதி, 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த ஜிடிபி 7.0 பதிப்பிலேயே பொதுவுடைமையாயிற்று. மொழி தரமாகி இருபத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன.

அதன் பின்னரும் ஓர் இடர் தீரவில்லை. வழுநீக்கி நிரலை நிறுத்தும்போது பணிகள் யாவும் நிற்கின்றன, கடிகாரம் நிற்பதில்லை. ஐந்து விநாடி மட்டும் காத்திருக்கக் கட்டளையிடப்பட்ட பணி, நாம் திரையை ஆராய்ந்து முடித்து அதனை எழுப்புங்கால், தன் தவணை கடந்துவிட்டதெனக் கண்டு வேறு பாதையிற் செல்லும். ஒரு பணியை மட்டும் நிறுத்தி ஏனையவற்றை ஓடவிடும் முறையும் அதே 7.0 பதிப்பில் இடம்பெற்றது. ஆயின் நிறுத்தப்பட்ட பணியின் வாயிலில் அழைத்து நிற்கும் பணி அங்கேயே காத்துக்கிடக்கின்றது.