பெரியப்பாவின் அம்பாசிடரும் பெரிய என்ஜினும்

மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால, புளிய மரத்தடியில ஒரு பழைய அம்பாசிடர் நிக்குது. என் பெரியப்பாவோடது. 1968 மாடல், மார்க் 2. டயர் நாலும் மண்ணுல இறங்கிடுச்சு. போன தடவை போட்டோ போட்டப்ப, "அண்ணே, அதை விக்கிறீங்களா?"ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. விக்கலைங்க. அதுக்கு ஒரு கதை இருக்கு.

பொங்கலுக்கு வந்த பெரியவன் (ஒரகடத்துல கார் கம்பெனி வேலை) வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தான். "அப்பா, இதுல இப்ப இருக்கிற பெரிய டீசல் என்ஜின் ஒண்ணை இறக்கிட்டா பறக்கும்ப்பா"ன்னான். என் கை தானா நெத்தித் தழும்புக்குப் போச்சு. "உக்காருடா, சொல்றேன்"னேன். அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல அந்த வண்டியோட பூர்வீகம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் பிர்லா குடும்பம் ஆரம்பிச்ச கம்பெனி. குஜராத் ஓகா துறைமுகத்துல தொடங்கி, அப்புறம் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுக்குப் போனது. இங்கிலாந்துல மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாவது சீரிஸ்னு ஒரு கார் இருந்தது. அதோட அச்சுதான் நம்ம அம்பாசிடர். இங்கிலாந்துக்காரன் அந்த மாடலை 1959-லேயே நிறுத்திட்டான். நாம 2014 மே மாசம் வரைக்கும் செஞ்சோம்.

ஒரே உடம்பு, ஐம்பது வருஷத்துக்கு மேல. ஆனா இதயம் பல தடவை மாறியிருக்கு. ஆரம்பத்துல 1476 சிசி, சைடு வால்வு என்ஜின். சீக்கிரமே 1489 சிசி, வால்வு மேல இருக்கிற என்ஜின் வந்தது. சுமார் 50 ஹெச்.பி. இங்கிலாந்துல இதே குடும்பத்து என்ஜினைப் படிப்படியா பெருசாக்கி, எம்.ஜி.பி.ன்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்ல 1798 சிசி வரைக்கும் கொண்டு போனாங்க. பழைய மோரிஸ் வச்சிருந்தவங்க அந்தப் பெரிய என்ஜினை வாங்கித் தங்கள் வண்டியில இறக்கிக்கிட்டதும் உண்டு. பையனுக்கு வந்த ஆசை புதுசு இல்லை.

நம்ம நாட்டுல பெட்ரோல் விலை ஏற ஏற எல்லார் கண்ணும் டீசல் மேல விழுந்தது. 1980-ஐ ஒட்டி கம்பெனியே டீசல் அம்பாசிடர் விட்டது. அதுவும் 1489 சிசிதான், ஆனா சுமார் 37 ஹெச்.பி. நம்ம ஊர் டிராக்டர் அளவு. ஓட்டம் கம்மி, செலவும் கம்மி. அந்தப் பொறுமை இல்லாதவங்க பட்டறைக்குப் போனாங்க. வேன், ஜீப்புல இருந்து கழட்டின பெரிய டீசல் என்ஜினை பெட்ரோல் அம்பாசிடர்ல இறக்கறது தமிழ்நாடு, கேரளா ரெண்டு பக்கமும் ஒரு தொழிலாவே நடந்தது.

எங்க பெரியப்பாவும் அப்படித்தான் போனார். அவர் தோல் ஏஜெண்டு. ஜவ்வாது மலை மேல ஜமுனாமரத்தூர், நம்மியம்பட்டு பக்கம் ஆட்டுத்தோல் வாங்கி, உப்பு போட்டு அடுக்கி, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புக்குக் கொண்டு போய்ப் போடுவார். பின் சீட்டைக் கழட்டிட்டு அந்த இடம் பூரா தோல். உப்புத்தோல் ஈரத்தோட எவ்வளவு கனம்னு தூக்கினவங்களுக்குத் தெரியும். அந்த வண்டியில ஏறினா ரெண்டு நாளைக்குச் சட்டையில நாத்தம் போகாது. அமிர்தியில இருந்து மலை ஏறும்போது அந்தப் பாரத்துக்கு 1489 மூச்சு வாங்கும். முதல் கியர்லேயே ஊரும். பாதி வழியில ரேடியேட்டர் கொதிக்கும். ஓடைத் தண்ணி மொண்டு ஊத்துறது என் வேலை.

1989-ல வேலூர்ல ஒரு பட்டறையில வண்டியை விட்டோம். ஒரு வேன்ல இருந்து எடுத்த டீசல் என்ஜின். பழசை விட நல்ல பெருசு, நல்ல கனம். நான் பிளஸ் டூ முடிச்சிட்டு வயலுக்கு வந்த புதுசு. பத்து நாளும் பட்டறையிலேயே கிடந்தேன். என்ஜின் உக்கார மவுண்டிங்கை வெட்டி வெல்டு வச்சாங்க. பழைய கியர் பாக்ஸோட சேர நடுவுல ஒரு தட்டு கடைஞ்சு போட்டாங்க. பெரிய ரேடியேட்டர் வச்சாங்க.

மேஸ்திரி நல்ல மனுஷன். கடைசி நாள் சொன்னார்: "முன்னாடி கனம் ஏறிடுச்சு. பிரேக்கைப் பார்க்கணும். டிரம், லைனிங் எல்லாம் மாத்தி, முன் பக்கத்தையும் பலப்படுத்திடலாம்." பெரியப்பா என்னைப் பார்த்தார். கணக்கு எழுதறவன் நான்தான். ஏற்கெனவே கடன். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம் பெரியப்பா"ன்னு சொன்னது நான்.

மலை ஏறினப்ப சொர்க்கம்தான். பாரத்தோட ரெண்டாவது கியர்ல சிங்கம் மாதிரி ஏறிச்சு. பெரியப்பா சிரிச்சுக்கிட்டே ஓட்டினார். அடுத்த மாசம் வந்தது, போனது. பிரேக்குக்குன்னு எடுத்து வச்ச பணத்துல இன்னும் கொஞ்சம் தோல் வாங்கினோம்.

ஏறும்போது வேலை செய்றது என்ஜின். இறங்கும்போது வேலை செய்றது பிரேக். இது ரெண்டும் வேற வேற ஆள்னு எங்களுக்கு அப்பத் தோணலை. பாரம் இறங்குற வேகத்தைப் பிடிக்கப் பிடிக்க, அந்த வேகமெல்லாம் டிரம்முல சூடா மாறுது. டிரம் அளவுக்கு மீறிச் சூடேறினா லைனிங் பிடிக்காது, வழுக்கும். 1990-ல ஒரு சாயங்காலம், ஜமுனாமரத்தூர்ல இருந்து இறங்குறோம். முன்னையை விட பாரம் அதிகம், என்ஜின்தான் பெருசாச்சேன்னு தைரியம். கருகின வாசனை வந்தது. பெரியப்பா மிதிக்கிறார், வண்டி கேக்கலை. ஸ்டியரிங் கியரை ரெண்டுக்கு இழுக்கிறார், விழலை. வலது பக்கம் பள்ளம். மனுஷன் யோசிக்காம இடது பக்கம் மலைச்சுவர்ல வண்டியை உரசவிட்டு ஒரு பாறையில மோதி நிறுத்தினார். எனக்கு நெத்தி கிழிஞ்சது. அவருக்கு வலது கால் ரெண்டு இடத்துல போச்சு. சாகிற வரைக்கும் விந்தி விந்தித்தான் நடந்தார். "அடுத்த மாசம்"னு நான் சொன்னதை ஒரு நாள்கூட எடுத்துச் சொல்லலை. சொல்லியிருந்தாத் தேவலை.

அதுக்கப்புறம்தான் இந்த என்ஜின் மாத்துற சரித்திரத்தையே நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். பெரிய பெரிய கம்பெனியே இதுல அடி வாங்கியிருக்கு. 1984-ல அம்பாசிடர் கம்பெனி காண்டெஸா விட்டாங்க. நீளமான, கம்பீரமான உடம்பு. உள்ள அதே பழைய 1489. பெரிய மாட்டு வண்டியில கன்னுக்குட்டியைப் பூட்டின மாதிரி. அப்புறம் ஜப்பான் இசுசூ கம்பெனியோட 1817 சிசி என்ஜின் போட்டப்பதான் அந்த வண்டிக்கு மரியாதை வந்தது.

நம்ம சென்னையிலேயே ஒரு கதை உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-ல ஸ்டாண்டர்டு 2000 விட்டது. உடம்பு இங்கிலாந்து ரோவருது. அந்த ஊர்ல அதுக்கு எட்டு சிலிண்டர், 3528 சிசி என்ஜின் எல்லாம் உண்டு. 1977-ல ஐரோப்பாவின் சிறந்த கார் பரிசு வாங்கின வண்டி. இங்க அதுக்குள்ள வச்சது பழைய வேன்கார்டு காலத்து நாலு சிலிண்டர் என்ஜின், ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. மூணு வருஷத்துல வண்டி நின்னு போச்சு.

சரியா நடந்ததும் உண்டு. மகிந்திரா 1970-கள்ல தன்னோட டிராக்டர் டீசல் என்ஜினையே ஜீப்புல வச்சது. மலை ரோட்டுக்கு அது பொருந்திச்சு, ஏன்னா ஜீப்போட சட்டமும் கியரும் இழுவைக்குன்னே பிறந்தது. அம்பாசிடரும் 1990-கள் தொடக்கத்துல அந்த 1817 இசுசூவை வாங்கிக்கிச்சு. சுமார் 75 ஹெச்.பி. கம்பெனிக்காரன் என்ஜினை மட்டும் மாத்தலை. ஸ்டியரிங் கியரை எடுத்துட்டு, கீழ அஞ்சு கியர் பாக்ஸ் வச்சான். அப்புறம் இசுசூவோட ரெண்டு லிட்டர் டீசலும் வந்தது.

விவசாயிக்குப் புரியற மாதிரி சொன்னா இது நம்ம கிணறு கதைதான். மூணு ஹெச்.பி. மோட்டாரை எடுத்துட்டு ஏழரை போடுறோம். ஊத்து அதேதான். பைப்பும் அதே பழைய பைப்பு. ரெண்டு மணி நேரம் ஓடவேண்டியது முக்கால் மணியில நின்னுடும், பைப்பும் வெடிக்கும். மோட்டார் மேல குத்தம் இல்லை.

பையன் எல்லாம் கேட்டுட்டு, "சரிப்பா, பிரேக்கை முதல்ல மாத்திட்டு என்ஜினை வைக்கலாமே?"ன்னான். படிச்ச பிள்ளை, நியாயமாத்தான் கேட்டான். ஆனா இப்ப சட்டமும் குறுக்க நிக்குது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்ததுக்கு மாறா வண்டியை மாத்தி, ஆர்.சி. ஒண்ணு வண்டி ஒண்ணுன்னு வச்சிருக்கக் கூடாது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. எங்க டீசல் என்ஜின் நம்பர் ஆர்.சி.யில ஏறவே இல்லை. விபத்து நடந்தப்ப இன்சூரன்ஸ்னு வாயைத் திறக்க முடியலை.

அப்புறம் அவனைக் கொட்டாய் மூலைக்குக் கூட்டிப் போய், பழைய சாக்கை விலக்கிக் காட்டினேன். மோதின டீசல் என்ஜினைக் கழட்டி, கொஞ்ச வருஷம் கிணத்துல தண்ணி இறைக்க வச்சிருந்துட்டு வித்துட்டோம். ஆனா வண்டியோட பிறந்த 1489-ஐப் பெரியப்பா விக்கவிடலை. கிரீஸ் தடவிச் சாக்குல சுத்தி வச்சிட்டுப் போனார். பையன் செல்போன் வெளிச்சத்துல துருவைத் துடைச்சு நம்பரைப் படிச்சான். நான் ஆர்.சி. புத்தகத்தைப் பிரிச்சுப் பார்த்தேன். ஒரு எண் கூட மாறலை.

மாசத்துல ரெண்டு ஞாயிறு வர்றான். முதல் வேலையா நாலு சக்கரத்து டிரம்மையும் கழட்டிக் கடைசலுக்குக் கொடுத்திருக்கோம். என்ஜின் அப்புறம்தான்.